வீட்டுக்கு வாய் திறந்த கோடை

வெப்பத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன்தான் நான். ஆனாலும் சூளையின் பார்வைத் துளையில் ஒரு கண்ணை வைத்தால் போதும், உள்ளே பீங்கான் எந்தப் பக்குவத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். முதலில் கருஞ்சிவப்பு வரும். பிறகு பழுத்த மிளகாய் நிறம். அப்புறம் கமலா ஆரஞ்சு. கடைசியில் ஒரு வெள்ளை. பொங்குவதற்கு முன்னால் பால் அசையாமல் நிற்குமே, அப்படி ஒரு வெள்ளை. அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினால் இமைக்குள்ளேயும் அது மிதந்துகொண்டிருக்கும். அந்த மிதப்பிலேயே வீடு வரைக்கும் சைக்கிள் மிதித்துப் போன நாட்கள் உண்டு. ரோட்டில் எதிரே வந்தவர்கள் எல்லாம் ஒளி பூசியவர்களாகத் தெரிவார்கள்.

விருத்தாசலத்துக்கு, வேறொருவர் சூளையில் பீங்கானை வைத்துச் சுடும் மண்பெட்டி சுமக்கும் கூலியாகத்தான் வந்தேன். பிறகு அடுக்குகிறவன் ஆனேன், எரிக்கிறவன் ஆனேன், கடைசியில் சொந்தமாகச் சூளை வைத்தேன். கரண்ட் பெட்டியில் மாட்டும் வெள்ளை பியூஸ் கட்டை, ஒயர் நுழைகிற பீங்கான் குழாய், கொஞ்சம் பொம்மை. இந்த மாவட்டத்தில் என் பியூஸ் கட்டை இல்லாத தெரு இருந்தால் காட்டுங்கள். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. நானாக ஏறினேன்.

அப்படிப்பட்டவன் கட்டிய வீட்டை, குழந்தை பெறுவதற்கு லாயக்கில்லாத வீடு என்று ஒருவர் சொன்னார். சொன்னவர் என் சம்பந்தியம்மா.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, ஊரெல்லாம் கரண்ட் போய்ப் போய் வந்த வருஷங்கள் அவை. என் ஒரே மகளைச் சென்னையில் கட்டிக் கொடுத்திருந்தேன். மாப்பிள்ளை பெரிய பெரிய கட்டடங்கள் கட்டும் கம்பெனியில் இன்ஜினியர். அவருக்கு அப்பா இல்லை. ஆபீஸ் வேலை பார்த்து ஆளாக்கியது அம்மாதான். மகளுக்குச் சித்திரையில் ஏழாம் மாதம், ஆனியில் பிரசவம் என்று கணக்கு. வளைகாப்பு முடித்துப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதுதானே முறை? அதைப் பேசத்தான் நான் போன் போட்டேன்.

“சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க” என்றார் அந்த அம்மா. “முறைய நான் இல்லேங்கல. ஆனா போன வருஷம் கத்திரி வெயில்ல உங்க வீட்ல ரெண்டு நாள் இருந்தேன். மத்தியானம் கரண்ட் போச்சு. சுவத்துல கை வெச்சா தோசைக்கல் மாதிரி இருந்தது. இங்க ஏசி இருக்கு, அபார்ட்மெண்ட்ல ஜெனரேட்டர் இருக்கு. குழந்தை இங்கயே பொறக்கட்டும். சம்பந்தியம்மாவ இங்க வந்து இருக்கச் சொல்லுங்க.”

பக்கத்தில் நின்ற என் மனைவிக்குப் போன் பேச்சு முழுக்கக் கேட்டுவிட்டது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

“தலச்சன் புள்ளைய மாமியா வூட்ல பெத்துக்கறதா? நான் உயிரோட இருக்கறேனா இல்லியான்னு ஊரு கேக்காதா?”

“ஏசி மாட்டலாமா?” என்று கேட்டேன்.

“மாட்டி? அதுக்கு மாலை போட்டு வெச்சிக்கறதா? கரண்டு எங்க இருக்குது?”

அவள் சொன்னது சரி. நான் நினைத்தால் அறைக்கு ஒரு ஏசி மாட்டுவேன். கரண்டை எந்தக் கடையில் போய் வாங்குவது? மாடியில் ஏறி நின்றால் கிழக்கே நெய்வேலியின் வெளிச்சம் வானத்தில் வெளிறித் தெரியும். கரண்ட் அங்கே பிறந்து எங்கள் தலைக்கு மேலேயே கம்பியில் நடந்து எங்கெங்கோ போகும். எங்கள் தெருவில் இறங்க மட்டும் அதற்கு நேரமிருக்காது.

மறுபடியும் போன் போட்டேன். “சம்பந்தி, வளைகாப்ப முடிச்சிட்டு நீங்களே பொண்ணக் கூட்டிக்கிட்டு வாங்க. உச்சி வெயில்ல வாங்க. கரண்டு இல்லாத நேரமா வாங்க. ஒரு மத்தியானம் எங்க வூட்ல ஒக்காந்து பாருங்க. முடியலன்னா அன்னிக்கே பொண்ணத் திருப்பிக் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க. நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்.”

“சரி, வரேன். முடியலன்னா அன்னிக்கே கூட்டிக்கிட்டுப் போயிடுவேன். நான் சொன்னா சொன்னதுதான் சம்பந்தி.”

“நானும் அப்படித்தாங்க.”

போனை வைத்த பிறகுதான் என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். “பொண்ண வெச்சு பந்தயம் கட்டிட்டீங்களே” என்றாள்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊருக்கு வெளியே முந்திரித் தோப்பாக இருந்த இடத்தில் மஞ்சள் அடித்த கல்லை நட்டு நகர் என்று பெயர் வைத்தார்கள். நல்லூர்ப் பக்கத்திலிருந்தும் ஸ்ரீமுஷ்ணம் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து மனை வாங்கினார்கள். எல்லோரும் ஒரே கனவை ஒரே நேரத்தில் கண்டதுபோல ஒரே மாதிரி வீடுகள் எழும்பின. தட்டையான கான்கிரீட் கூரை. மேற்கே பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல். தெருவிலேயே பெரிய கண்ணாடி என்னுடையது. கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் அதில் தங்கள் முகத்தைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டார்கள். எனக்கு அப்போது அது பெருமையாக இருந்தது. வெயில் சாய்கிற நேரத்தில் அந்தக் கண்ணாடி வழியாகத் தரையில் ஒரு மஞ்சள் பாய் விரியும். அழகு என்னவோ அழகுதான். அதன்மேல் கால் வைக்க முடியாது.

மாப்பிள்ளையிடம் யோசனை கேட்கலாம் என்று சென்னைக்கு ரயில் ஏறினேன். கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரிசையாக நிற்கும் ரோட்டில் அவர் கட்டி முடிக்கும் நிலையில் இருந்த கட்டடத்துக்கு அழைத்துப் போனார். வானத்தை அப்படியே அறுத்து நிறுத்தி வைத்ததுபோல இருந்தது. மேகம் அதில் ஊர்ந்துபோனது. கண்ணாடிக்குள்ளே போனதும் உடம்பு சட்டென்று குளிர்ந்துவிட்டது. என் செருப்புச் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.

“இதுக்கு கிரீன் பில்டிங்னு சர்டிபிகேட் வரப்போகுது மாமா” என்றார் மாப்பிள்ளை. “கண்ணாடி ரெண்டு தட்டு. நடுவுல காத்து அடைச்சிருக்கோம். கூரையில, சுவர்ல எல்லாம் இன்சுலேஷன். வெளிச் சூடு உள்ள வராது. கரண்ட் செலவு பாதியா கொறையும்.”

“எந்த ஜன்னல் தொறக்கும் மாப்ள?”

“எதுவும் தொறக்காது மாமா.”

“கரண்டு போனா?”

“போகாது. பின்னாடி ஜெனரேட்டர் இருக்கு.”

பின்னால் போய்ப் பார்த்தேன். லாரி மாதிரி ஒன்று நின்று உறுமிக்கொண்டிருந்தது. அதன் புகையில் பக்கத்து வேப்பமரம் ஒரு பக்கமாகக் கறுத்திருந்தது.

“முன்னால பச்ச, பின்னால டீசலா மாப்ள?”

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். நல்ல பையன், கோபித்துக்கொள்ள மாட்டார். “வாங்கறவங்க கண்ணாடிதான் கேக்கறாங்க மாமா. கண்ணாடி இல்லன்னா ஆபீஸ்னே ஒத்துக்க மாட்டேங்கறாங்க. அதுக்குள்ள எவ்ளோ மிச்சம் புடிக்க முடியுமோ அவ்ளோதான் எங்களால முடியுது.”

திரும்பி வரும்போது ரயில் ஜன்னலில் சாயங்காலம் போய்க்கொண்டிருந்தது. ஏரிக்கரைகளில் பாதி கட்டிய கட்டடங்கள். அவற்றின்மேல் கிரேன்கள், தண்ணீரைப் பார்த்துக் குனிந்த பறவைகளைப் போல. இந்த நாடு முழுக்க வீடு கட்டுகிறதே, இத்தனை வீட்டுக்கும் யார் குளிர் கொடுப்பது என்று யோசித்தபடி தூங்கிப்போனேன். விழுப்புரத்தில் முழிப்பு வந்தபோது என் மனதில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. இன்சுலேஷன்.

அது என்ன பிரமாதம்? சூளைக்கு உள்பக்கம் ஒரு செங்கல் வைப்போம். வெள்ளையாக, இட்லி போலப் பொந்து பொந்தாக இருக்கும். தண்ணீரில் போட்டால் மிதக்கும். இந்தப் பக்கம் தீ எரிந்தாலும் அந்தப் பக்கம் கை வைக்கலாம். உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாத கல், வெளியே இருக்கும் சூட்டை மட்டும் உள்ளே விட்டுவிடுமா?

மாசி மாதமே கொத்தனாரைக் கூட்டி வந்தேன். கூரை முழுக்க அந்தக் கல்லைப் பரப்பினோம். அதற்கு மேல், என் சூளையில் உடைந்துபோன பீங்கான் துண்டுகளைச் சில்லுச் சில்லாகப் பதித்தோம். மதியத்தில் என் மாடி ஒரு ஏரியைப் போல மின்னியது. மேலே பறந்த கொக்குகள் வட்டமிட்டு இறங்கி, ஒற்றைக் காலில் நின்று பார்த்து, ஏமாந்து பறந்து போயின. பிறகு மேற்கு ஜன்னலைக் கல் வைத்து அடைத்தேன். கூரைக்குக் கீழே இருந்த சின்னச் சின்ன வெண்டிலேட்டர்களையும் அடைத்தேன்.

“இன்னா மொதலாளி, சினிமாக் கொட்டாயா கட்டறீங்க?” என்றார் கொத்தனார். “எடவேளைக்கு நான் வேணா முறுக்கு விக்கட்டுமா?”

“நீ பூசற வேலயப் பாரு. வேர்த்துக் கொட்டிக்கினு நீயே டிக்கெட் கேட்டு வருவ.”

முதல் இரண்டு மூன்று நாள் நான் சொன்னது பலித்தது. பகலிலும் வீட்டுக்குள் கோயில் பிராகாரம்போல இருட்டும் குளிர்ச்சியும். தெருக்காரர்களை ஒவ்வொருவராக அழைத்து வந்து உட்கார வைத்தேன். “எப்படி?” என்று கேட்டேன். “உங்கள மாதிரி முடியுமாங்க” என்றார்கள். முடியாது என்று நானும் சொன்னேன்.

பங்குனி பிறந்தது. வெயில் ஏறியது. ஒரு நாள் பொழுது சாயும்போது நான் சூளையிலிருந்து வருகிறேன், என் மனைவி வாசல் மண்ணில் பாய் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். முறத்தால் விசிறிக்கொண்டிருக்கிறாள்.

“உள்ள போயேன். குளுகுளுன்னு இருக்குமே.”

“உள்ள கெடக்கறதுக்கு நான் இன்னா பியூஸ் கட்டயா? நீங்க போயி வேகுங்க.”

உள்ளே போனேன். சுவரில் உள்ளங்கையை வைத்தேன். அந்தச் சூடு எனக்கு நன்றாகத் தெரிந்த சூடு. தீயை அணைத்து நாளாகியும் ஆறாமல் கிடக்குமே சூளை, அதே சூடு. எங்கள் அடுப்பு விட்டது, எங்கள் உடம்பு விட்டது, வாசல் கதவைத் திறக்கும்போதெல்லாம் நுழைந்தது, எல்லாம் உள்ளே வந்து வெளியே போக வழியில்லாமல் தங்கிவிட்டது. பகல் சூடு போதாதென்று நேற்றைய சூடு, முந்தாநாள் சூடு, எல்லாம் மூலைக்கு மூலை உட்கார்ந்திருந்தன. இந்தத் தப்பைச் சாதாரண ஆள் செய்ய முடியாது. சூளைக்காரன்தான் செய்ய முடியும். சூட்டைக் காப்பாற்றித்தானே நான் சோறு தின்றவன்? அதை வெளியே போகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

வளைகாப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. போன் வரும்போதெல்லாம் மனைவி என் முகத்தைப் பார்ப்பாள். நான் சூளைக்குப் போய்விடுவேன்.

அப்படிப் போன ஒரு மதியம். எரித்து, ஆறவைத்து, சாமான் எல்லாம் எடுத்துவிட்ட சூளை காலியாகக் கிடந்தது. ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கொட்டகைத் தகரம் வெயிலில் முறுக் முறுக் என்று முனகியது. ரோடெல்லாம் வெள்ளை மண் தூசி. அதில் நடந்த ஒரு நாய்கூட மாவில் செய்த நாய்போல இருந்தது. நான் குனிந்து சூளையின் வாய்க்குள் நுழைந்தேன். சும்மாதான். உள்ளே வளைந்த கூரையைப் பார்த்தபடி தரையில் மல்லாந்தேன்.

அங்கே காற்று இருந்தது. வெளியே ஒரு இலை அசையவில்லை. உள்ளே, என் பாதத்தைத் தொட்டு, முழங்காலைத் தொட்டு, காதோரம் வழிந்து, தலைக்குப் பின்னால் புகைபோக்கிக்குப் போகும் வழியில் எதுவோ மெதுவாக நடந்துகொண்டே இருந்தது. ஆறு ஒன்று என்மேல் ஓடுவதுபோல. மணிமுத்தாற்றில் தண்ணீர் போன காலத்தில் கழுத்தளவில் கிடந்தது போல. கண்ணை மூடினேன். யாருடைய வயிற்றுக்குள்ளோ சுருண்டு கிடப்பதுபோல ஒரு சுகம். தூரத்தில் ஜங்ஷனில் ரயில் கூவியது. அந்தச் சத்தம் தண்ணீருக்குள் கேட்பதுபோலக் கேட்டது. எவ்வளவு நேரம் தூங்கினேனோ தெரியாது. ஆட்கள் வந்து, “மொதலாளி! மொதலாளி உள்ள கெடக்கறாரு!” என்று கத்திய பிறகுதான் எழுந்தேன். பயந்துவிட்டார்கள், பாவம்.

“ஒண்ணும் இல்லடா. வூடு கட்டிக்கினு இருந்தேன்” என்றேன். இன்னும் பயந்துவிட்டார்கள்.

விஷயம் இதுதான். தடித்த சுவர் மட்டும் போதாது. கீழே ஒரு வாய், மேலே ஒரு புகைபோக்கி. இரண்டும் இருந்தால்தான் சூளை மூச்சு விடும். நான் என் வீட்டுக்குச் சுவரைக் கொடுத்துவிட்டு மூச்சைப் பிடுங்கிவிட்டேன்.

மாடிப்படி முடிகிற இடத்தில் கூரையைத் திறந்து, அதற்குமேல் ஆள் உயரத்தைத் தாண்டிப் புகைபோக்கி மாதிரி ஒரு கூண்டு எழுப்ப வேண்டும். மேற்குப் பக்கம் கறுப்பு அடித்தால் வெயில் பட்டுக் கூண்டு சூடேறும். சூடான காற்று மேலே ஓடும். அதன் பின்னாலேயே வீட்டுக் காற்று போகும். வடக்குப் பக்கம், வேப்பமர நிழலில், தரையோரமாகச் சுவரைத் திறந்து என் பீங்கான் குழாய்களை அடுக்க வேண்டும். வெளியே மணல் கொட்டித் தண்ணீர் தெளித்தால் அங்கிருந்து குளிர்ந்த காற்று நுழையும். கொத்தனாரைக் கடப்பாரையோடு வரச் சொல்லி ஆள் அனுப்பினேன்.

கடப்பாரையைப் பார்த்ததும் என் மனைவி வாசலில் கையை விரித்து நின்றுவிட்டாள்.

“வயித்துப் புள்ளக்காரி வரப்போற வூடு. அடைச்சது வேற, இடிக்கக் கூடாது.”

“அவ இன்னும் இங்க வரலியே.”

“எங்க இருந்தா இன்னா? என் பொண்ணு வயித்துல புள்ள இருக்குது. அவ அப்பன் கூரைய இடிக்கறாரு. அடுக்குமா? புள்ள பொறந்த பின்ன வூட்டையே இடிங்க. இப்ப ஒரு கல்ல அசைக்கக் கூடாது.”

இதில் நான் விளையாட மாட்டேன். எங்கள் பக்கம் யாரும் விளையாட மாட்டார்கள். பெண் கர்ப்பமாக இருக்கும்போது சுவரில் ஆணி அடிக்கக்கூட யோசிக்கிறவர்கள் நாங்கள். கொத்தனாரும் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டார். “அம்மா சொல்றதுதாங்க சரி. எனக்கும் பொண்ணுங்க இருக்குதுங்க” என்றார்.

அன்று வேலை அதோடு நின்றது. சாயங்காலம் மகளே போன் செய்தாள். அவளிடம் அம்மா எல்லாவற்றையும் ஒப்பித்தாள்.

“யம்மா, எனக்கு அங்கதான் வரணும்” என்றாள் மகள். “இங்க ஜன்னல சாத்திச் சாத்தி எனக்குத் தலவலி. ஏசி ஒரு பக்கம் கொறட்ட விடுது, உங்க மாப்ள ஒரு பக்கம் விடறாரு. எது யாருன்னே தெரியல. அப்பாவ ஏதாவது பண்ணச் சொல்லு.”

மனைவி போனை வைத்தாள். நான் சொன்னேன்: “சூளைய எரிக்கறதுக்கு முன்னால வாய அடைக்கறோம். ஆறின பின்ன அந்தக் கல்ல எல்லாம் பிரிச்சு எடுக்கறோம். அத யாராவது இடிக்கறதுன்னு சொல்லியிருக்கறாங்களா?”

“வாய் தொறக்கறதுன்னு சொல்வீங்க.”

“எலுமிச்சம்பழம் வெச்சு, சூடம் கொளுத்தித்தான தொறக்கறோம்? உள்ள இருக்கறது நல்லபடியா வெளிய வரணும்னுதான?”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சூளைக்காரன் பெண்டாட்டி. எத்தனையோ முறை அவள் கையால்தான் அந்தச் சூடத்தை ஏற்றியிருக்கிறோம். உள்ளே ஒரு சாமான்கூட விரிசல் விடாமல் வரவேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள்.

“கடப்பாரை வேணாம்” என்றாள் கடைசியில். “ஒவ்வொரு கல்லா கையால எடுக்கச் சொல்லுங்க.”

மறுநாள் காலை அவள் குளித்து வந்து மாடிப்படியில் எலுமிச்சம்பழம் நறுக்கிக் குங்குமம் தடவி வைத்தாள். சூடம் ஏற்றினாள். கான்கிரீட்டைக் கையால் பிரிக்க முடியாதென்று அவளுக்கும் தெரியும். உளியை வைத்துக் குழந்தைக்குத் தட்டிக்கொடுப்பதுபோலத் தட்டித் தட்டி, விழுகிற துண்டைக் கையில் ஏந்தி எடுத்தார் கொத்தனார். ஒன்றுகூடக் கீழே விழவில்லை. என் அனுபவத்தில் அவ்வளவு மெதுவாக ஒரு கூரை திறந்ததில்லை. கடைசித் துண்டு வந்ததும் மாடிப்படியில் சதுரமாக ஒரு வானம் இறங்கி நின்றது. நாங்கள் மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தோம். ஒரு பருந்து அந்தச் சதுரத்தைக் கடக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டது.

சித்திரை பிறப்பதற்குள் கூண்டு எழும்பியது, வடக்குச் சுவரில் குழாய்களும் ஏறின. சித்திரையில் வளைகாப்பு முடிந்தது. மாப்பிள்ளை காரில் மகளையும் சம்பந்தியம்மாவையும் அழைத்து வந்தார். சொன்னபடி சரியாக உச்சி வேளை. ஆரத்தி எடுத்து உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்தோம். மகளின் கை நிறைய வளையல்; அவள் அசையும்போதெல்லாம் வீடு கிணுகிணுத்தது. அவளுடைய பெட்டியை மட்டும் காரை விட்டு இறக்க வேண்டாம் என்று சம்பந்தியம்மா சொல்லிவிட்டார். கரண்டும் வாக்குத் தவறாமல் போனது.

ஆனால் வானம் என்னை ஏமாற்றிவிட்டது. காலையிலிருந்து மூட்டம். வெயில் இல்லை, புழுக்கம் மட்டும். கூண்டு சூடேறவே இல்லை. சாமி படத்துக்கு முன்னால் ஏற்றிய ஊதுபத்தியின் புகை மேலே போகாமல் தரையில் இறங்கித் திக்குத் தெரியாமல் அலைந்தது. மாடிப்படிப் பக்கமிருந்து ஒரு வெக்கை கீழே இறங்கி வந்தது. சம்பந்தியம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். மகளின் மேல் உதட்டில் முத்து முத்தாக வேர்வை.

“மாமா, உங்க ஐடியா எல்லாம் கரெக்ட்தான்” என்றார் மாப்பிள்ளை தாழ்ந்த குரலில். “இன்னிக்கு வெயில் இல்ல. அதான்.”

“வெயில் இல்லாத நாள்ல கொழந்த என்ன பண்ணும்?” என்றார் சம்பந்தியம்மா. என் மனைவி மோர் தம்ளரை வைத்துவிட்டுத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தாள்.

குளிர்ந்த புகைபோக்கி இழுக்காது. இது எனக்குத் தெரியாததா? மழைக்காலத்தில் சூளை பற்றவைக்கும்போது முதலில் புகைபோக்கியின் அடியில் கொஞ்சம் வைக்கோலைக் கொளுத்திப் போடுவோம். அது ஒருமுறை விழித்துக்கொண்டால் பிறகு நிற்காது. பியூஸ் கட்டை கட்டி அனுப்ப வைத்திருந்த வைக்கோலை ஒரு கட்டு தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினேன்.

“எங்கப்பா போற?” என்றாள் மகள்.

“தீ வெக்க.”

கூண்டுக்குள் நான் விட்டிருந்த மேடையில் வைக்கோலைப் போட்டுக் கொளுத்தினேன். முதலில் புகை கீழே இறங்கியது. கீழே இருமல் கேட்டது.

“என்னங்க இது, வீட்டக் குளிர வெக்கச் சொன்னா தீ வெக்கறாரே உங்க வீட்டுக்காரரு!” சம்பந்தியம்மாவின் குரல்.

“அவருக்குத் தெரிஞ்ச வேல அது ஒண்ணுதாங்க” என்றாள் என் மனைவி.

பிறகு ஒரு சின்ன ஓசை. சங்கை வாயில் வைக்குமுன் ஊதுகிறவன் மூச்சை இழுப்பானே, அதுபோல. தீநாக்கு நிமிர்ந்தது. புகை அப்படியே சுருட்டிக்கொண்டு மேலே போனது. என் வேட்டி நுனி கூண்டைப் பார்த்துப் படபடத்தது. நான் படியில் இறங்கி வர வர, காற்று என்னை எதிர்கொண்டு ஏறி வந்துகொண்டிருந்தது. ஈர மணலின் வாசனை, வேப்பம்பூ வாசனை. கீழே வந்தபோது தினக் காலண்டரின் தாள்கள் ஒவ்வொன்றாகப் புரண்டுகொண்டிருந்தன, யாரோ வரப்போகும் நாட்களைத் தேடிப் பார்ப்பதுபோல. ஊதுபத்திப் புகை ஒரு வெள்ளை நூலாகி மாடிப்படியைப் பார்த்து நடந்தது.

கொஞ்ச நேரத்தில் மூட்டம் விலகி வெயில் அடித்தது. அதற்குப் பிறகு கூண்டுக்கு என் உதவி தேவைப்படவில்லை. வெயில் ஏற ஏறக் காற்று ஏறியது. என் மகள் தரையில் பாயைப் போட்டு இடது பக்கமாகச் சாய்ந்து படுத்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கை தளர்ந்து வளையல்கள் மணிக்கட்டுக்கு இறங்கின. தூங்கிவிட்டாள்.

சம்பந்தியம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏசி மாதிரி இருக்குன்னு பொய் சொல்ல மாட்டேன் சம்பந்தி” என்றார்.

“சொல்லாதீங்க. நானும் கேக்கல.”

“இவன் பொறந்தப்ப நாங்க தகரக் கொட்டாயில இருந்தோம்.” மாப்பிள்ளையைக் கண்ணால் காட்டினார். “சித்திரை மாசம். ஒடம்பு பூரா வேர்க்குரு, கொப்புளம். பச்சக் கொழந்த, அழக்கூடத் தெம்பில்லாம கெடந்தான். நனைச்ச துணிய மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். அதனாலதான் கறாரா பேசினேன்.”

நான் எழுந்துபோய் அவருக்கு இன்னொரு தம்ளர் மோர் கொண்டு வந்து வைத்தேன். அபூர்வமாகத்தான் நான் அப்படிச் செய்வேன்.

சாயங்காலமானதும் மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார். “அம்மா, கெளம்பலாமா? அவள எழுப்பட்டுமா?”

“எழுப்பாத” என்றார் சம்பந்தியம்மா. “பெட்டிய எறக்கி வெச்சிட்டு நீ கெளம்பு. என் பையையும் எறக்கு. நானும் இங்கதான் இருக்கப் போறேன். பிரசவம் முடிஞ்சு வரேன்.”

என் மனைவி சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அடுப்படிக்குள் போனாள். அடுத்த இரண்டு மாதம் ஒரே அடுப்படியில் இரண்டு சம்பந்திகள். பூண்டு ரசத்தில் எவ்வளவு மிளகு என்பதில் தொடங்கி அவர்களுக்குள் நடந்ததையெல்லாம் எழுதினால் அது வேறு கதை. அந்தச் சூட்டுக்கு மட்டும் என்னால் புகைபோக்கி கட்ட முடியவில்லை.

தெருவில் வந்து பார்க்காத ஆள் இல்லை. நல்லூர்ப் பக்கம் ஒருவர் என்னை அழைத்துப் போய்த் தன் வீட்டுக்கும் கூண்டு எழுப்பினார். மற்றவர்கள் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஏசி வாங்கினார்கள். வீட்டுக்குமேல் புகைபோக்கி இருந்தால் சம்பந்தம் பேச வருகிறவர்கள் செங்கல் காளவாய் என்று நினைப்பார்களாம். மாப்பிள்ளை தன் கம்பெனியில் சொல்லிப் பார்த்தார். எத்தனை டிகிரி குறைகிறது, எந்தச் சர்டிபிகேட்டில் வரும் என்று கேட்டார்களாம். “வந்து ஒரு மத்தியானம் படுத்துப் பார்க்கச் சொல்லுங்க மாப்ள” என்றேன். யாரும் வரவில்லை. அவர்களுக்கு மதியத்தில் படுத்துப் பழக்கமில்லை போலிருக்கிறது.

ஆனியில், முதல் மழை பெய்து ஓய்ந்த ஒரு விடியலில் பேத்தி பிறந்தாள். ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வந்த அன்றும் கரண்ட் இல்லை. புடவையில் தூளி கட்ட உத்தரத்தில் எங்கே கொக்கி போடுவது என்று இரண்டு பாட்டிகளுக்கும் தகராறு. நான் ஒரு வைக்கோலைக் கையில் பிடித்து அறை முழுக்க நடந்தேன். அதன் நுனி எங்கே அதிகமாகச் சாய்ந்ததோ அங்கே காட்டினேன். அங்கே கட்டினோம்.

எல்லோரும் அசந்துவிட்ட மதியத்தில் நான் மட்டும் தூளிக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தேன். வடக்குச் சுவரின் பீங்கான் குழாய்கள் வழியாகச் சின்னச் சின்ன வட்டமாக வெளிச்சம் வந்து தரையில் கிடந்தது. புடவை லேசாக உப்பியது, அடங்கியது, மறுபடி உப்பியது. தூளி தானாகவே ஆடியது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆடியது. லேசாகத்தான் ஆடியது.